செந்தாழைக்கு மதிப்பெண் போட்ட தனலெட்சுமி

சாஆ என்ற சிற்றூரில் பள்ளி வேன் ஓட்டும் தனலெட்சுமிக்கு யோங் பெங் கலைச் சங்கத்திலிருந்து போன் வந்தபோது, யாரோ ஏமாற்றுக்காரன் வலை வீசுகிறான் என்றுதான் முதலில் பட்டது. குறும்படப் போட்டி வைக்கிறோம், நீங்கள் நடுவராக வர வேண்டும் என்று சங்கத்துச் செயலாளர் பேசிக்கொண்டே போனார். இவன் எப்போது பேங்க் எண்ணைக் கேட்பான், எப்போது போனை வைக்கலாம் என்று அவள் காத்திருந்தாள். அவர் கேட்கவே இல்லை.

"வேன் ஓட்டுற என்னை எதுக்கு சார் கூப்பிடுறீங்க?" என்றாள்.

"நீங்க செந்தாழையா நடிச்சவங்கதானே? போட்டிக்கு வந்த படத்துல ஒண்ணு அந்த நாடகம்தான்மா."

அதை யார் சொன்னது என்று கேட்டாள். செயலாளர் கொஞ்சம் தயங்கிவிட்டு, தெரிந்தவர்கள் சொன்னார்கள் என்று மழுப்பினார். அந்தத் தயக்கம் அவள் மனதில் முள்ளாகத் தங்கிவிட்டது.

செந்தாழை நாடகம் அந்தப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் திருவிழாதோறும் போடப்பட்ட நாடகம். உப்பு வியாபாரியின் மகள் செந்தாழை. படகோட்டி இளமாறன். அவன் கடலில் மூழ்கிப்போனான் என்று தகப்பன் ஒரு பொய் சொல்ல, அதை நம்பி அவளும் கடலில் இறங்கி உயிரை விடுவாள். விடியும்போது அவன் படகு கரைக்கு வரும். முடிவு தெரிந்தும் சனங்கள் வருடா வருடம் அழுதார்கள். பாலோ பக்கத்துத் தோட்டத்தில் தனலெட்சுமி பால்வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் அவள்தான் செந்தாழை. இளமாறனாக நடித்தவர் டிராக்டர் ஓட்டிய காளியப்பன். பிறகு செம்பனை எண்ணெய் ஆலையில் ஃபிட்டராக இருந்த விஜயனுக்கு அவளைக் கட்டி வைத்தார்கள். நாடகம் அத்தோடு நின்றது.

நடிக்காதே என்று விஜயன் சொன்னதில்லை. கை நீட்டியதில்லை, குரல் உயர்த்தியதும் இல்லை. அவர் கேள்விதான் கேட்பார். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காது கொடுக்க மாட்டார், முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். சந்தையில் யாரோடு பேசினாய், வேன் ஏன் வேறு பக்கமாக வந்தது, போனில் யார். அந்தப் பார்வைக்குப் பயந்து அவளும் கடைசியில் முகத்தில் எதையும் காட்டாமல் இருக்கப் பழகிக்கொண்டாள்.

கல்யாணமான புதிதில் கேட்ட ஒரு கேள்வியை மட்டும் அவள் மறக்கவில்லை. ஒரு வருடம் மேடையில், பிரியும் காட்சியில் இளமாறன் போட வேண்டிய மோதிரம் எங்கோ தொலைந்துபோனது. காளியப்பன் சட்டென்று பக்கத்திலிருந்த உப்புக் குவியலில் ஒரு பிடி அள்ளி, அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். கூட்டம் கைதட்டித் தீர்த்தது. அவள் மூடிய கையைத் திறக்காமலே உள்ளே போனாள். அன்று முன்வரிசையில் விஜயன் உட்கார்ந்திருந்திருக்கிறார். "அந்த உப்ப என்ன பண்ணே?" என்று ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். கை கழுவிவிட்டேன் என்றாள். அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

அதனால் யோங் பெங் அழைப்பைச் சொன்னால் மனிதர் சுருங்கிப்போவார் என்று எதிர்பார்த்தாள். "போயிட்டு வா. நானும் வரேன்" என்றார் அவர். தானே சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டார். அவள் கவலைப்பட ஆரம்பித்தது அப்போதுதான்.

மண்டபத்தில் நடுவர்கள் மூன்று பேர். குளுவாங்கிலிருந்து வந்த ஆசிரியை வாசுகி, யோங் பெங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் சினிமாப் பைத்தியம் ஜெகபர் சாதிக், பிறகு இவள். கையில் கொடுத்த தாளில் செந்தாழை படத்துக்கு நேரே இயக்குநர் பெயர் லோஷினி காளியப்பன் என்று இருந்தது. தனலெட்சுமிக்குக் காது சூடாகிவிட்டது. மகளுக்குப் பரிசு வாங்கித் தர அப்பன்தான் தன்னை இங்கே இழுத்து வந்திருக்கிறான் என்று தோன்றியது. அவரோடு நடித்தவள் நான், இந்தப் படத்துக்கு நான் மார்க் போடுவது சரியில்லை என்று மற்ற இருவரிடமும் சொல்லிப் பார்த்தாள்.

"இந்த வட்டாரத்துல ஒருத்தருக்கொருத்தர் தெரியாதவங்கனு பார்த்தா நடுவரே கிடைக்க மாட்டாங்கம்மா" என்றார் ஜெகபர் சாதிக். "மனசுல பட்டத போடுங்க."

இன்னொன்றும் அவளை உறுத்தியது. மண்டபத்தில் அத்தனை நாற்காலி காலியாகக் கிடக்க, விஜயன் முன்னால் போய்ச் சுவரோரமாக ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து பார்த்தால் திரை கோணலாகத்தான் தெரியும்.

விளக்கை அணைத்தார்கள். லோஷினி கதையை இந்தக் காலத்துக்குக் கொண்டு வந்திருந்தாள். உப்பு வியாபாரி கருவாட்டு வியாபாரியாகியிருந்தார். பாட்டு இல்லை, வசனமும் கொஞ்சம்தான். சேறும் அலையாத்தி மரங்களுமான கடற்கரையை அழகாகப் பிடித்திருந்தாள். தனலெட்சுமி தன்னை மறந்து பார்க்கத் தொடங்கிய நேரத்தில், படத்து இளமாறன் குனிந்து கருவாட்டுக் கொட்டகையிலிருந்து ஒரு பிடி உப்பை அள்ளினான். அந்தப் பெண்ணின் உள்ளங்கையில் வைத்தான். விரல்களை ஒவ்வொன்றாக மூடினான்.

நாடகப் பிரதியில் இல்லாத காட்சி அது. ஒரே ஒரு முறை நடந்தது. காளியப்பன் மகளிடம் சொல்லியிருக்கிறார். இதைச் சொன்னவர் வேறு என்னென்ன கற்பனை கட்டிச் சொன்னாரோ? நடக்காததற்கெல்லாம் இந்த வயதில் பதில் சொல்ல வேண்டி வருமோ? சுவரோரம் திரும்பிப் பார்க்க நினைத்து, பார்க்காமல் இருந்தாள்.

அதற்கு மேல் படம் நாடகத்தை விட்டு விலகியது. படத்துச் செந்தாழை தகப்பனை நம்பவில்லை. காதலன் எண்ணுக்குப் போன் அடித்துக்கொண்டே இருக்கிறாள். படகுத் துறையில் ஒவ்வொருவராக விசாரிக்கிறாள். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சரிபார்க்கிறாள். கடைசியில் அவளும் கடலில்தான் இறங்குகிறாள்.

நடுவர்களைத் தனி அறையில் உட்கார வைத்தார்கள். வாசுகிக்குப் படம் மிகவும் பிடித்திருந்தது. இந்தக் காலத்துப் பெண் கேள்வி கேட்காமல் சாக மாட்டாள் என்றார். ஜெகபர் சாதிக்குக்குப் பாட்டு இல்லாதது பெரிய குறை. தனலெட்சுமி பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் இருந்தாள். கூட்டிப் போட்டால் வீட்டில் அந்தப் பார்வை. குறைத்துப் போட்டால் பிள்ளையின் உழைப்புக்குத் துரோகம். பிறகு வீட்டை மறந்துவிட்டுப் படத்தை மட்டும் நினைத்துப் பார்த்தாள். முக்கால்வாசிப் படம் அவளுக்கு நன்றாகப் பிடித்திருந்தது. முடிவு பொய்யாகத் தெரிந்தது. அதற்குத் தகுந்தபடி போட்டாள். மூன்று பேர் மார்க்கையும் சேர்த்துப் பார்த்ததில் படம் இரண்டாவதாக வந்தது.

மேடையில் காரணம் சொல்லச் சொல்லி மைக்கை அவளிடம் கொடுத்துவிட்டார்கள்.

"பழைய செந்தாழை நம்பினா, அதனால செத்தா" என்றாள் தனலெட்சுமி. "இந்தப் பொண்ணு சந்தேகப்படறா. சந்தேகப்படறவங்க கடல்ல இறங்க மாட்டாங்கம்மா. கரையிலயே உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருப்பாங்க. ஆயுசு முழுக்க உட்கார்ந்திருப்பாங்க. அந்த இடத்துல எனக்குப் படம் ஒட்டல."

சொல்லி முடித்த பிறகுதான் யாரைப் பற்றிச் சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. விஜயன் சுவரோரத்திலிருந்து அசையவில்லை.

இறங்கியதும் லோஷினி தேடிக்கொண்டு வந்தாள். தோற்ற வருத்தத்தை மறைக்கத் தெரியாத பிள்ளை. ஆனாலும் நன்றி சொன்னாள். தனலெட்சுமி சுற்றி வளைக்காமல், அந்த உப்புக் காட்சியை உங்கள் அப்பா சொன்னாரா என்று கேட்டாள்.

"இல்ல ஆன்ட்டி. அப்பாக்கு ஞாபகமே இல்ல, மோதிரம்தான் போட்டேன்னு சாதிக்கிறாரு. அங்கிள்தான் சொன்னாங்க."

"எந்த அங்கிள்?"

லோஷினி தண்ணீர் மேசைப் பக்கம் கை காட்டினாள். விஜயன் ஒரு கோப்பையில் சிரப் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார். பழைய நாடகத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஃபேஸ்புக்கில் போட்டாளாம். அவரே போன் செய்து, யார் எங்கே நின்றார்கள், கை எப்படி மூடியது என்பது வரைக்கும் சொன்னாராம். தனலெட்சுமியை நடுவராகக் கூப்பிடச் சொல்லிச் சங்கத்திலும் அவர்தான் பேசியிருக்கிறார்.

காளியப்பன் மறந்துபோனார் என்பது அவளுக்குச் சுருக்கென்றது. அது ஒரு நொடிதான். அதற்கு மேல் மனம் முழுவதும் அந்தச் சுவரோர நாற்காலியிலேயே நின்றது. அங்கிருந்து திரைதான் கோணல். நடுவர் முகம் நேராகத் தெரியும்.

வேனை அவள்தான் ஓட்டினாள். ஊரைத் தாண்டி, இரண்டு பக்கமும் செம்பனை வந்ததும் கேட்டாள்.

"என் முகத்த பார்க்கத்தான் இவ்வளவு பாடுபட்டீங்களா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஆமா" என்றார்.

"என்ன தெரிஞ்சிச்சு?"

"இருட்டுல ஒண்ணும் தெரியல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். வேனை ஓரமாக நிறுத்தினாள். அந்த நாடகம் நடந்த அன்று காலையில் பால்வெட்டுக் கத்தி உள்ளங்கையைக் கிழித்திருந்தது. அந்தக் காயத்தில்தான் காளியப்பன் கல்லுப்பை வைத்து மூடினார். உயிர் போகிற எரிச்சல். கையைத் திறந்தால் மேடையில் கத்திவிடுவோம் என்று பயந்து இறுக்கிக்கொண்டே உள்ளே ஓடினாள். அதையெல்லாம் சொன்னாள்.

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?" என்றார் விஜயன்.

"உப்ப என்ன பண்ணேன்னுதான் கேட்டீங்க. கை ஏன் மூடியிருந்துச்சுனு கேட்கலையே."

அவர் ஸ்டீரிங்கின் மேலிருந்த அவள் கையைப் பார்த்தார். அத்தனை வருடத்துக் காயம் தெரியவா போகிறது? நம்பினாரா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையும் அன்று அவளுக்கு விட்டுப்போனது. இனி நீங்கள் எதைக் கேட்டாலும் ஒருதரம்தான் பதில் சொல்வேன், அதற்கப்புறம் என் முகத்தில் தேடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வேனை எடுத்தாள்.

சில மாதம் கழித்து லோஷினி சாஆவுக்கே வந்தாள். அடுத்த படத்தில், பஸ் நிலையத்தில் மகனுக்காகக் காத்திருக்கும் ஒரு தாய் வேடம். ஆன்ட்டி நடிக்க வேண்டும் என்றாள். விஜயன் எதிரில் இருக்கும்போதே, யோசனை கேட்காமல், சரி என்றாள் தனலெட்சுமி. பாலோவில் எடுத்தார்கள். விஜயனும் கூடவே போனார். எதிர்ச்சாரியில் காரை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, உள்ளேயே உட்கார்ந்திருந்தார். வெயிலில் ஏன் கஷ்டப்பட வேண்டும், அங்கிளையும் இங்கே கூப்பிடலாமே என்று லோஷினி கேட்டாள்.

"ஏர்கோன் போட்டிருக்காரு, அவருக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள் தனலெட்சுமி. "நீ கேமராவ வை."