வரி குறைவென்று வாங்கிய வீடு

அம்பத்தூரில் அக்கா கட்டும் வீட்டு வரியில் கால்வாசிகூட வராது என்றுதான் ஊராட்சிப் பகுதியான வேப்பம்பட்டில் வீடு வாங்கினோம். அக்காவைக் கேலியும் செய்தேன். இங்கே பாதாளச் சாக்கடை இல்லை என்பது உறைத்ததே முதல் பெருமழையில்தான். செப்டிக் டேங்க் நிரம்பி, குளியலறைக்குள் பொங்கியது. கழிவு உறிஞ்சும் லாரிக்காரருக்குப் போன் செய்தேன்.

"தெருவுல முட்டி வரைக்கும் தண்ணி நின்னுக்கினு கீதுக்கா. வண்டி உள்ள வராது. வடியட்டும், வரேன்."

மாமியாரைக் கைத்தாங்கலாகப் பிடித்து, அந்தத் தண்ணீரில் நடந்து, ரயிலேறி, கழிவறைக்காக அக்கா வீட்டுக்கே போனோம். அக்கா துண்டை எடுத்து நீட்டினாள்.

இப்போது எங்கள் தெருவில் வீடு பார்க்க வருகிறவர்களிடம், "மழை நாளில் ஒருமுறை வந்து பாருங்கள்" என்று தவறாமல் சொல்கிறேன். தலையாட்டிவிட்டுக் கேட்கிறார்கள்: "வரி எவ்ளோக்கா வருது?"