நான்காம் திகதிக் கறுப்புத் துணி

பெப்ரவரி மூன்றாம் திகதி பின்னேரம் அண்ணா இறந்தார். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பொழுதுபடுமுன் அண்ணியின் தம்பி எங்கள் ஒழுங்கை நெடுகக் கறுப்புத் துணி கட்டினான். ஒழுங்கை வீதியில் ஏறும் முகப்பிலும் நீளமாக ஒன்று. முல்லைத்தீவுக் கரையில் செத்த வீட்டுக்கு வழி காட்டுவது அதுதான்.

மறுநாள் சுதந்திர தினம். பத்திரிகையில் இருந்தபோது வருடாவருடம் அதற்கொரு பெட்டிச் செய்தி எழுதுவேன். வெள்ளையர் ஆட்சி முடிந்த நாள். கண்டி அரசனின் சிங்கக்கொடி மீண்டும் ஏறியது. தமிழருக்குச் செம்மஞ்சளும் முஸ்லிம்களுக்குப் பச்சையும் பிறகு சேர்ந்தன. அந்தக் கோடுகள் கம்பத்தை ஒட்டி வரவேண்டும். கொடி நிலத்தில் முட்டக்கூடாது. பொழுது சாயுமுன் இறக்கவேண்டும். அதே நாளைக் கரிநாள் என்று எங்கள் பக்கத்தில் கறுப்புக்கொடி கட்டுபவர்கள் இருப்பதற்கு அந்தப் பெட்டியில் இடமில்லை.

காலையில் சிங்களப் பொலிஸ்காரர் ஒருவர் வந்தார்.

"இது என்ன கொடி?"

"கொடியில்லை ஐயா, துணி. செத்த வீடு," என்றான் அண்ணியின் தம்பி. "சாகிறதுக்கும் இனி நாள் பாக்கவேணுமோ?"

பொலிஸ்காரர் உள்ளே வந்து அண்ணாவைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். "எங்க ஊர்ல செத்தா வெள்ளைக்கொடி," என்றார். "அத கட்டுங்க. பிரச்சினை இல்ல."

போரின் கடைசி நாட்களில், இதே கரையில், அண்ணியின் தமக்கை வெள்ளைத் துணியை உயர்த்திப் பிடித்தபடி இராணுவத்தின் பக்கம் நடந்துபோனவர். அதன்பிறகு அவரை யாரும் காணவில்லை.

அண்ணி கதிரையை விட்டு எழுந்தார். "வெள்ளை வேண்டாம். இவரைக் கறுப்புக்குக் கீழதான் கொண்டுபோகவேணும். அவருக்குச் சொல்லுங்கோ," என்றார் என்னிடம்.

சிங்களத்தில் சொன்னேன். பொலிஸ்காரர் யாருடனோ தொலைபேசியில் கதைத்தார். ஒழுங்கைக்குள் இருக்கலாம், அடக்கம் முடியும்வரை. வீதி முகப்பில் கூடாது என்றார்.

அதை நானே அவிழ்த்தேன். பனியில் முடிச்சு இறுகியிருந்தது. மடித்துச் சேர்ட் பைக்குள் வைத்தேன். கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

பின்னேரம் பெட்டி புறப்பட்டது. வீதியில் ஏறியதும் கடைக்காரர்கள் வழக்கம்போல அரைக்கதவு சாத்தி எழுந்து நின்றார்கள். தேசியக்கொடிகள் வெளியே நின்றன. ஒன்றில் சிங்கம் தலைகீழ்.

அண்ணி நின்றார். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள்.

"அந்தத் துணி எங்க?"

எடுத்துக் கொடுத்தேன். பெட்டியின் மேல் விரித்தார். காற்றுக்குப் பறக்காமல் ஓரத்தைக் கையால் அழுத்திக்கொண்டார். சந்தியில் வாகனங்களை மறித்து நின்ற அதே பொலிஸ்காரர் அதைப் பார்த்தார். பிறகு கல்லறைகள் இருக்கும் சேமக்காலைப் பக்கம் கையைக் காட்டி எங்களைப் போகச் சொன்னார்.