ராணியின் வாரிசும் என் முழங்காலும்

நிற்பதற்கென்றே சம்பளம் தருகிற உத்தியோகம் ஓவியக் காட்சிக்கூடக் காவல். இங்கிலாந்துக்கு வந்து, குரோய்டனில் விசாவுக்கு வரிசையில் நின்று பழகின கால்களுக்கு இதுதான் பொருத்தம் என்று யாரோ நினைத்திருக்க வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பழைய இங்கிலாந்து ராசா ராணிகளின் படங்கள் தொங்கிய ஓர் அறை எனக்குக் கிடைத்தது. வாசலில் இருக்கிறதுக்கு ஒரேயொரு கதிரை. அது எங்கள் மேற்பார்வையாளர் மிஸ் ஹார்ப்பருக்கு. அவ ஓய்வுபெறப் போகிறா என்று கதை அடிபட்ட நாளிலிருந்து என் இரண்டு முழங்காலும் அந்தக் கதிரைக்கே ஏங்கின. கடையிலும் பெற்றோல் ஸ்டேசனிலும் நின்று உழைக்கிற சனங்களே, உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

ஆறு கலியாணம்

ஆறு கலியாணம் கட்டின ராசாவின் படத்துக்கு முன்னால்தான் எங்கட சனம் கூட நேரம் நிற்கும். ஒருநாள் மனோர் பார்க் கோயிலுக்குப் போன கையோடு ஒரு குடும்பம் வந்தது. தாய், தகப்பன், மூன்று பெண் பிள்ளைகள். "ஆண் வாரிசு வேணுமெண்டு ஒருத்தியைத் தள்ளிவைச்சான், இன்னொருத்தியின்ரை தலையை எடுத்தான்" என்று, வருகிற சனத்துக்கு வழக்கமாய்ச் சொல்கிற கதையைச் சொன்னேன். தகப்பன், "பாவம் மனுசன்" என்று பெருமூச்சு விட்டார். மனுசிக்கு வந்ததே கோபம்! பக்கத்துச் சுவரில் முத்துமாலையோடு நின்ற ராசாவின் மகளைக் கையால் காட்டினா.

"நல்லாப் பாருங்கோ, அவ்வளவு ஆட்டம் ஆடியும் கடைசியிலை நாட்டைக் கட்டி ஆண்டது பொம்பிளைப் பிள்ளைதான்!"

படம் பார்த்துச் சம்மதம்

அதே ராசா, நாலாவது பெண்ணைப் படத்தில் பார்த்துத்தான் ஓம் சொன்னவன். பெண் கப்பலில் வந்து இறங்கியதும் முகத்தைச் சுளித்தான். சம்பந்தம் பேசி முடித்த மந்திரியின் தலை கொஞ்ச நாளில் போய்விட்டது. படம் கீறின ஓவியனுக்கு ஒன்றும் நடக்கவில்லை. இதை நான் சொல்லிக்கொண்டிருக்க, சவுத்தாலில் கலியாணம் பேசித் திரிகிற ஒருவர் தன் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"பாத்தியளே, அந்தக் காலத்திலையும் படக்காரனை விட்டிட்டுப் புரோக்கரைத்தான் பிடிச்சிருக்கிறாங்கள்!"

ரோல்ஸும் சமோசாவும்

முத்துமாலை ராணி கலியாணமே கட்டவில்லை. பிரான்சுக்காரன், ஸ்பெயின்காரன் எல்லாரும் பெண் கேட்டு வர, ஓமும் சொல்லாமல் இல்லையும் சொல்லாமல் காலத்தைக் கடத்தினவ. தனக்குப் பிறகு யார் என்று கேட்டாலும் வாய் திறக்கமாட்டா.

மிஸ் ஹார்ப்பரும் அந்த வார்ப்புத்தான். கதிரைக்கு இரண்டு பேர் போட்டி. நான் ஒன்று, பக்கத்து அறையில் நின்ற சிங் மற்றது. என் மனுசி மிஸ்ஸுக்கென்று மீன் ரோல்ஸ் சுட்டுத் தந்தா. மணம் பிடித்த சிங் மறுநாளே சமோசாவோடு வந்தான். நான் கட்லட்டுக்கு ஏறினேன், அவன் ஜிலேபிக்கு ஏறினான். வெட்கத்தை விட்டு ஒருநாள், யாருக்குக் கதிரை என்று கேட்டேவிட்டேன். மிஸ் கடதாசியால் வாயைத் துடைத்தா.

"இரண்டு பேரும் நல்ல ஆட்கள், நாளைக்கும் கொண்டு வாருங்கள்."

கதிரை ஏறினவர்

பிரியாவிடை நாளில் கேக் வெட்டினபிறகு, மிஸ் எங்கள் பக்கம் பார்த்துக் கையை ஆட்டினா. தன்னைத்தான் அடுத்த ஆளாய்க் காட்டினா என்று சிங் சத்தியம் செய்தான். என்னைத்தான் என்று எனக்கு நல்லாய்த் தெரியும். வீட்டில் பால்சோறும் பொங்கியாச்சு.

திங்கட்கிழமை வேளைக்கே போனேன். கதிரையில் செம்பட்டைத் தாடியோடு ஒருவர் இருந்தார். எடின்பரோவிலிருந்து மாற்றலாகி வந்த ஸ்கொட்லாந்துக்காரராம். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து, எங்களோடு காவல் நிற்கிற மன்னார் அந்தோனி சிரிப்பை அடக்கமாட்டாமல் கேட்டான்.

"அண்ணை, ராணி செத்தாப் பிறகு ஸ்கொட்லாந்து ராசா வந்து குந்தினவர் எண்டு ஒவ்வொரு நாளும் சனத்துக்குச் சொல்லுறது நீங்கள்தானே?"

அரச வம்சத்துக் கதை முழுக்கப் பாடமாயிருந்தும் எனக்கு விளங்காமல் போனது ஒன்றுதான்: கதிரைக்குக் கிட்ட நிற்கிறவனுக்குக் கடைசிவரை நிற்கிறதுதான் உத்தியோகம்.