கைதட்டாத இடம்

எங்கள் இசைக்குழுவில் ஒரு வழக்கம் உண்டு. நிகழ்ச்சி முடிந்ததும், கேட்க வந்தவர்களோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம். சாப்பிட்டு முடியும்வரை வாசித்தவர்கள் வாய் திறக்கக் கூடாது. கேட்டவர்கள்தான் கதைக்க வேண்டும். புகழ்ந்தாலும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், நக்கலடித்தாலும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். இந்தச் சட்டத்தைப் போட்டவன் எங்கள் கிட்டார்காரன். மேடையில் அவ்வளவு நேரம் நாங்கள் சத்தம் போட்டாயிற்று, இனி அவர்களுடைய முறை என்பது அவனுடைய நியாயம். என்னை மனதில் வைத்துத்தான் போட்டிருப்பான் என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது குழுவில் எல்லோருக்கும் தெரியும்.

நான் ட்ரம்ஸ் வாசிக்கிறேன். பகலில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. மாலையில் வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டில், ரப்பர் பலகையில் குச்சிகளால் தட்டிப் பழகுவேன். கிட்டார்காரன் கொட்டாஞ்சேனை. ஞாயிறு காலையில் கத்தோலிக்கக் கோவிலில் பாடகர் குழுவுக்கு வாசித்துவிட்டு அதே கிட்டாரோடு எங்களிடம் வருவான். பாடகன் வெள்ளவத்தையில் ஒரு புடவைக்கடையில் சேலை விரித்துக் காட்டுகிறவன். கடையில் அவன் பேசுவது பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது, மேடையில் உறுமினால் மண்டபத்தின் கண்ணாடி அதிரும். பேஸ் வாசிப்பவன் கொலன்னாவையில் இருந்து வரும் சிங்கள நண்பன். அவனுக்குத் தெரிந்த தமிழில் பாதி சாப்பாடு, மீதி எழுத முடியாதது.

நாங்கள் வாசிப்பது ப்ரோக்ரெசிவ் மெட்டல். மெட்டல் என்றால் சத்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அதோடு ப்ரோக்ரெசிவ் சேர்ந்தால் கணக்கும் சேர்ந்துவிடும். ஏழடியில் தொடங்கிய தாளம் ஒன்பதுக்குப் போகும், பதினொன்றில் வந்து நிற்கும், பாட்டு இலேசில் முடியாது. என் அம்மா ஒருமுறை முழுவதையும் கேட்டுவிட்டு, “இவ்வளவு நேரத்துக்கு ஒரு புட்டே அவிச்சிருக்கலாம்” என்றார். அதற்குப் பிறகு அவரிடம் நான் அபிப்பிராயம் கேட்பதில்லை.

எங்கள் நீண்ட பாட்டின் நடுவில் ஒரு வெறுமை வரும். நால்வரும் உச்சத்தில் வாசித்துக்கொண்டிருக்கும்போது சட்டென்று எல்லாம் நிற்கும். பதினொன்றின் இரண்டு சுற்றுக்கு யாரும் எதையும் தொடமாட்டோம். மனதுக்குள் எண்ணி, மூன்றாம் சுற்றின் முதல் அடியில் எல்லோரும் ஒன்றாக இறங்க வேண்டும். மற்ற மூவரும் என் கைக்குச்சியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த வெறுமை என்னுடையது. எங்கள் வீட்டுக்குக் கீழே ரயில் பாதை, அதற்கு அப்பால் கடல். ரயில் போகும்போது அலுமாரிக்குள் இருக்கும் கோப்பைகள் எல்லாம் நடுங்கும். போய் முடிந்த பிறகு, கடல் சத்தம் திரும்பி வரும்வரை, காது கொஞ்ச நேரம் காலியாக இருக்கும். பிறந்ததில் இருந்து நான் கேட்டு வளர்ந்தது அது. குழுவில் மெட்டெல்லாம் கிட்டார்காரன் போட்டது, வரிகள் பாடகனுடையவை. இந்த ஒன்றுதான் நான் கொடுத்தது. அதனால் அதன் மேல் எனக்கு உயிர்.

கடந்த வருடம் வான் ஒன்றைப் பிடித்துக்கொண்டு முதல்முறையாகச் சுற்றுப்பயணம் போனோம். மட்டக்களப்பு, பிறகு யாழ்ப்பாணம், கடைசியாகக் கொழும்பு. எங்களுக்குப் பின்னால் இன்னொரு வானில் கொழும்பு ரசிகர்கள் சிலரும் வந்தார்கள். எல்லோரும் கறுப்புச் சட்டை. வழியில் தேத்தண்ணீர் குடிக்க இறங்கினால் கடைக்காரர், “ஆர் மோசம் போனது?” என்று செத்தவீடு விசாரிக்கும் அளவுக்குக் கறுப்பு.

மட்டக்களப்பில் வெறுமை வந்தபோது பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்துச் சனம் கைதட்டியது. சரி, முதல் முறை, போகட்டும் என்று விட்டேன். யாழ்ப்பாணத்தில் நடந்ததுதான் என்னால் தாங்க முடியாதது. அங்கே முதலில் ஒரே அமைதி. எனக்கு உள்ளுக்குள் பெரிய சந்தோசம். பிறகு முன்வரிசையில் ஒருவர் மெல்லக் கைதட்டத் தொடங்கினார். பக்கத்தில் இருந்தவர் சேர்ந்தார். கொஞ்சத்தில் மண்டபமே ஒரு சீராகத் தட்டியது, வேறு ஏதோ ஒரு தாளத்தில். “அடி பிள்ளை, அடி!” என்று யாரோ கத்தினார். நான் குழம்பி ஓர் அடி முந்தி இறங்கிவிட்டேன். பேஸ் என்னோடு வந்தது, கிட்டார் வரவில்லை, பாடகன் நடுவில் உறுமினான். திடீரென்று பிரேக் பிடித்த பஸ்ஸுக்குள் ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுவதுபோலப் பாட்டு விழுந்தது.

சாப்பாட்டில் அந்த முன்வரிசைக்காரி எனக்கு நேரே வந்து உட்கார்ந்தார். கறுப்புச் சட்டைகளுக்கு நடுவில் மஞ்சள் சுடிதார். பாலர் பாடசாலை ஆசிரியையாம், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். தம்பி கூப்பிட்டதால் வந்தவர். இடியப்பத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

“பாவம், பிள்ளை மறந்திட்டுது எண்டு நினைச்சுத்தான் கை தட்டினனான். எங்கட ஆண்டு விழாவில சின்னப் பிள்ளையள் ஆடேக்க மறந்து போய் நிண்டால் அப்பிடித்தானே செய்யிறனாங்கள். தட்டினால் அதுகளுக்கு ஒரு தெம்பு வரும்.”

சட்டமாவது மண்ணாங்கட்டியாவது. “நான் மறக்கேல்லை!” என்று கத்தினேன். “அது பாட்டில இருக்கிறது.”

“பாட்டில ஒண்டுமில்லாத இடமும் இருக்குமோ?”

“இருக்கும்.”

“அப்ப முதலே சொல்லியிருக்கலாமே, அம்மா.”

அவர் குத்திக் காட்டவில்லை, உண்மையாகவே கேட்டார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. எரிச்சலோடு எரிச்சலாக இடியப்பத்தை முழுவதும் சாப்பிட்டுவிட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

திரும்பி வரும் வழியில் கிட்டார்காரன் கதையைத் தொடங்கினான். நான் பெண் என்றாலும் அவன் என்னையும் ‘மச்சான்’ என்றுதான் கூப்பிடுவான்.

“மச்சான், அந்த இடத்தில கீபோர்டால மெல்லிசா ஒரு சத்தம் போடுவம். இல்லாட்டிப் பாட்டுக்கு முதல் சனத்துக்குச் சொல்லுவம், நடுவில கை தட்டாதீங்க எண்டு.”

“பகிடி சொல்ல முதல் இது பகிடி எண்டு சொன்னா ஆர் சிரிப்பான்?”

“ரெண்டு ஊரில கவுந்திட்டுது. கொழும்பிலயும் கவுந்தா?”

“கவுந்தா உன்ர கீபோர்டை வை. ட்ரம்ஸுக்கும் வேற ஆளைப் பார்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே விளங்கியது. ஆனால் வாயால் விட்டதைத் திரும்ப எடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை. அவனும் பிடிவாதக்காரன். “சரி, கொழும்போட பாப்பம்” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

இதற்கிடையில் யாழ்ப்பாணத்து விபத்தை யாரோ போனில் பிடித்து இணையத்தில் போட்டுவிட்டார்கள். அது ஊரெல்லாம் சுற்றியது. எங்கள் ரசிகர்களுக்கு எண்ணுவது ஒரு வியாதி. என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் கொஞ்சப்பேர். மற்றவர்கள் எல்லோரும் அது பதினொன்றா பன்னிரண்டா, நான் எந்த அடியில் முந்தினேன் என்று இரவு பகலாகச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு பதிலும் எழுதவில்லை. அலுவலகத்தில் ஒருவருக்கு விபத்துக் காப்புறுதியை விளங்கப்படுத்தும்போது மட்டும் எனக்கே சிரிப்பு வந்தது.

கொழும்பு நிகழ்ச்சி கொட்டாஞ்சேனையில், ஒரு ஞாயிறு பின்னேரம். கோவிலுக்குப் பக்கத்து மண்டபம். மாலைப் பூசைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு கிடைத்தது. மின்விசிறிகள் சுழன்றும் வெக்கை குறையவில்லை, ஜன்னல்களை எல்லாம் திறந்து வைத்தோம். மண்டபம் நிறைந்துவிட்டது. ஜிந்துப்பிட்டியில் இருந்து பெடியள் கூட்டமாக வந்திருந்தார்கள், பாடகனின் கடை முதலாளி மகனோடு வந்திருந்தார். முன்வரிசையில், நான் எதிர்பார்க்கவே இல்லை, அந்த ஆசிரியை. வெள்ளவத்தையில் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தவராம். போச்சு என்று நினைத்தேன்.

நீண்ட பாட்டைக் கடைசிக்கு வைத்திருந்தோம். என் கை அன்றைக்கு நன்றாக ஓடியது. உச்சம் வந்தது, நால்வரும் நிறுத்தினோம்.

வழக்கமாக அந்த இடத்தில் நான் கண்ணை மூடிக்கொள்வேன். அன்றைக்குத் திறந்துதான் வைத்திருந்தேன். யார் முதலில் கைதட்டுகிறார் என்று பார்த்து, அந்த முகத்தை ஆயுளுக்கும் ஞாபகம் வைத்திருப்பது என் நோக்கம்.

யாரும் தட்டவில்லை. மண்டபம் முழுக்க எண்ணிக்கொண்டிருந்தது. சின்ன வயதில் சங்கீத வகுப்புக்குப் போனவர்கள் தொடையில் விரல் மடக்கினார்கள். கோவில் பாடகர் குழுப் பெடியள் குதிக்காலைத் தூக்காமல் முன்பாதத்தால் எண்ணினார்கள். கறுப்புச் சட்டைகள் தலையை மட்டும் ஆட்டின. கடை முதலாளி ஒன்றும் விளங்காமல் மகனைப் பார்த்து ஆட்டினார்.

அப்போதுதான் வெளியே தெருவில், பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்கிற ஓட்டோ வந்தது. அதன் பாட்டு திறந்த ஜன்னல் வழியாக உள்ளே நிரம்பியது. பின்னால் ஒருவன் சிரிக்கத் தொடங்கிச் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான். அந்தப் பாட்டுக்கு ஒரு தாளம், எங்கள் பாட்டுக்கு ஒரு தாளம். எனக்கு எண்ணிக்கை போய்விட்டது. உண்மையாகவே போய்விட்டது. ஏழில் நிற்கிறேனா எட்டிலா, முதல் சுற்றா இரண்டாவதா, ஒன்றும் தெரியவில்லை. மூவரும் என் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிட்டார்காரனின் நெற்றியில் வியர்வை ஓடியது.

நான் குச்சியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சனத்தைப் பார்த்தேன். வேறு வழியில்லை. தலைகள் ஒன்றாக மேலே போயின. எத்தனை நூறு தலையோ, எல்லாம் ஒரே உயரத்தில் ஒரு கணம் நின்றன. அவை கீழே இறங்கியபோது என் அடியும் விழுந்தது. கிட்டாரும் பேஸும் உறுமலும் அதே இடத்தில் வந்து இறங்கின. ஓர் இம்மியும் பிசகவில்லை. அந்தச் சத்தத்தை எனக்கு எழுதத் தெரியாது. மண்டபம் அலறியது, நான் அழுதுகொண்டே அடித்தேன், அடித்துக்கொண்டே சிரித்தேன். வாழ்க்கையில் எதையாவது வென்றிருக்கிறேன் என்றால் அதைத்தான் வென்றேன்.

சாப்பாட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். பாண் ஓட்டோவையும் நாங்கள்தான் பேசி வைத்து வரச்சொன்னோம் என்று ஒருவன் சத்தியம் செய்தான். பேஸ்காரன் ரோல்ஸ் மேல் ரோல்ஸாக விழுங்கினான். கிட்டார்காரன் என் பிளேன்டீக் கோப்பையை நிரப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, யாருக்கும் கேட்காமல் காதுக்குள் சொன்னான்.

“மச்சான், அடுத்த முறை அந்த இடத்தை மூண்டு சுத்தாக்குவமோ?”

நான் தலையை மட்டும் ஆட்டினேன். பேசியிருந்தால் மறுபடியும் அழுதிருப்பேன்.

கை கழுவும் இடத்தில் ஆசிரியை பக்கத்தில் வந்து நின்றார். தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு மெல்லக் கேட்டார்.

“இண்டைக்கு உண்மையா மறந்தனீங்கள் என்ன?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குழுவில் ஒருவருக்கும் தெரியாது. “உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“மறந்து போய் நிக்கிற பிள்ளையளின்ர முகம் நான் தினமும் பாக்கிறனான். அண்டைக்கு உங்கட முகத்தில அது இல்லை எண்டு பிறகுதான் யோசிச்சனான். இண்டைக்கு இருந்தது.”

“பிறகேன் கை தட்டேல்லை?”

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

“நல்ல கதை. பாட்டு நடந்துகொண்டெல்லோ இருந்தது.”