தீவுக்காரிக்குத் தைத்த கோட்டு

"நாப்பத்திரண்டு. எடது தோளு அரை இஞ்சு எறக்கம். பையை அந்தப் பக்கமே மாட்டி மாட்டிப் பழகிட்டான்."

ஓசூர் பேருந்து நிலையத்தில் எங்களைக் கடந்து போன ஒரு ஆளைப் பற்றி அஸ்மத் அக்கா சொன்னது இது. அவனுக்கு மீசை இருந்ததா, கண்ணாடி போட்டிருந்தானா என்று கேட்டுப் பாருங்கள், ஊஹூம். மார்பளவு மட்டும் தப்பாது. ஒருமுறை எங்கள் கம்பெனி செக்யூரிட்டி மாதேஸ்வரன் வீம்புக்கு டேப்பை எடுத்துத் தன்னையே அளந்து காட்டினார். அக்கா சொன்னதற்கும் டேப்புக்கும் ஒரு இஞ்சு வித்தியாசம். "மூச்ச இழுத்துப் புடிச்சிருக்கற. வுடு" என்றார் அக்கா. மாதேஸ்வரன் விட்டார். கணக்கு சரியாகிவிட்டது.

அக்கா பிறந்தது பாரூர், கட்டிக் கொடுத்தது ஓசூர். ஏற்றுமதித் துணி தைக்கும் எங்கள் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாகத் தையல். நான் அங்கே டைம் ஆபீசில் வருகைப் பதிவு பார்ப்பவன். அக்கா ஆனேக்கல்லிலிருந்து வரும் பெண்களிடம் பேசுவது கன்னடம், இஸ்திரி போடும் எல்லப்பனிடம் தெலுங்கு, மற்றவர்களிடம் தமிழ். திட்டுவது மட்டும் மூன்றையும் கலந்து. இன்னொன்றும் உண்டு. சின்னப் பையன்களை 'தம்பி' என்பார். கோபம் வந்துவிட்டால் அதே பையன்களை 'சார்' என்பார். அந்த 'சார்' காதில் விழுந்தாலே நாங்கள் மெல்ல இடத்தைக் காலி செய்துவிடுவோம்.

மூவாயிரம் பீசுக்குக் குறைந்த ஆர்டரை எங்கள் கம்பெனி திரும்பிக்கூடப் பார்க்காது. அப்படிப்பட்ட இடத்துக்கு ஏழே ஏழு கோட்டுக்கு ஆர்டர் வந்தது எப்படி என்பது முதலாளிக்குத்தான் வெளிச்சம். பசிபிக் கடலில் பொட்டு மாதிரி ஒரு தீவு நாடு. பல நாட்டு வீரர்கள் கூடும் பெரிய போட்டி ஒன்றின் தொடக்க விழாவில், கொடிக்குப் பின்னால் போட்டுக்கொண்டு நடக்க நீலக் கோட்டு வேண்டுமாம். நாட்டின் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்று கம்பெனி உத்தரவு. சம்பளம் வாங்குகிறேன், சொல்ல மாட்டேன்.

ஏழு கோட்டுக்காக ஐம்பது பேர் வரிசையாக உட்கார்ந்து தைக்கும் லைனை ஓட்ட முடியாது. மாதிரி தைக்கும் சாம்பிள் ரூமுக்கு, அதாவது அக்கா தலைக்கு வந்தது. அக்காவின் மகள் ஃபிசா செல்போனில் அந்தத் தீவைக் காட்டியிருக்கிறாள்.

"அட அல்லா! எங்க பாரூர் ஏரியவுடக் கொஞ்சந்தான் பெருசு இருக்கும் போல. மொத்த சனமும் நம்ம சிப்காட்டுல ஒரு ஷிப்டுக்குக் காணாது. இதுல எங்கடி ஓடிப் பழகறது?"

அன்றிலிருந்து அந்த ஏழு பேரும் அக்காவுக்குச் சொந்தக்காரர்கள். அளவுத் தாளில் பெயர் கிடையாது, ஆட்டம் மட்டும்தான் போட்டிருந்தது. ஓடறவன், நீந்தறவன், தூக்கறவ என்று அக்காவே பெயர் வைத்துக்கொண்டார். "ஓடறவனுக்கு இடுப்பே இல்ல. சோறு திங்கறானா இல்லியா?" என்று மதியச் சாப்பாட்டில் கவலைப்படுவார்.

சிக்கல் தூக்கறவளிடம் வந்தது. பளு தூக்கும் பெண். வெளிநாட்டு மெயில்களைப் படித்து அளவுத் தாள் தயார் செய்வது ஹரீஷ்குமார். நல்ல பையன்தான். ஆனால் நாலு வருடமாக லேடீஸ் சட்டை அளவுகளையே பார்த்துப் பழகிய கண். கைச் சுற்று நாற்பத்தாறு சென்டிமீட்டர் என்று வந்திருந்ததை முப்பத்தாறு என்று மாற்றிவிட்டான். யாரையும் கேட்கவில்லை.

அக்கா தாளோடு அவன் மேஜைக்குப் போனார்.

"சார், மாரு நூத்தி இருவத்தஞ்சு, கழுத்து நாப்பத்தி நாலு. இந்த ஒடம்புக்குக் கையி முப்பத்தாறு எப்பிடி சார் வரும்?"

"மெயில்ல நாப்பத்தாறுன்னு இருந்துதுக்கா. பொம்பளைக்கு அவ்ளோ வருமா? டைப்பிங் மிஸ்டேக். நாந்தான் கரெக்ட் பண்ணேன்."

"அவ எடை தூக்கறவ சார். பூவா கட்டறா?"

ஹரீஷுக்குக் காது சிவந்துவிட்டது. ஆனாலும் மறுபடி மெயில் போட்டுப் பதில் வர நாலு நாள் ஆகும். சரக்கு அதற்கு முன்னாலேயே, வியாழக்கிழமை கிளம்ப வேண்டும். அந்த அளவுச் சார்ட்டில் மேனேஜர் கையெழுத்தும் போட்டாயிற்று. "சார்ட் படி தச்சிடுங்கக்கா. க்யூசி அதை வெச்சுத்தான் அளப்பாங்க. மாறினா ரிஜெக்ட்" என்றான். திரும்பத் தைக்க அந்த நீலத் துணியும் இல்லை.

அன்றைக்கு அக்கா சாப்பிடவில்லை. டிபன் பாக்ஸைத் திறந்து மூடிவிட்டார். "ஊர் பூரா பாக்கறப்போ அந்தப் பொண்ணு மட்டும் கோட்டு இல்லாம நடக்கணுமா? பாவம் இல்லியா?" என்றார் என்னிடம்.

பிறகு அவர் செய்தது கம்பெனி விதிப்படி குற்றம். கையின் அடித் தையலில் உள்ளே ஒரு சென்டிமீட்டர் துணிதான் விட வேண்டும். அக்கா இரண்டு பக்கமும் இரண்டேகால் இஞ்சு விட்டார். உள் லைனிங்கையும் தாராளமாக வெட்டினார். பிரித்தால் எதுவரை விடலாம் என்று தெரிய, உள்ளுக்குள்ளேயே சிவப்பு நூலில் ஒரு கோடு ஓட்டினார். தரம் பார்க்கும் க்யூசி அனுப்ரியா வெளியே டேப் வைத்துப் பார்த்தாள், சார்ட் படி இருந்தது, பாஸ். அக்கா இதை என்னிடம் மட்டும் சொன்னார். சொன்ன கையோடு, "வாயத் தொறந்த, தொலச்சிடுவேன்" என்றார்.

கோட்டு போய்விட்டது, கவலை போகவில்லை. "அங்க தைக்கத் தெரிஞ்சவ எவளாச்சும் இருப்பாளா? உள்ள துணி இருக்குதுன்னு எப்பிடித் தோணும்?" தினமும் கார்டு தேய்க்க வரும்போது இதையே கேட்பார். எனக்கு என்ன தெரியும்? "இருப்பாங்கக்கா" என்பேன். எனக்கே என் மேல் எரிச்சலாக வரும்.

மூன்று வாரம் கழித்து ஒரு மதிய இடைவேளையில் ஹரீஷ் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சாம்பிள் ரூமுக்கு ஓடி வந்தான். "அக்கா, உங்க ஆளுங்க! போட்டோ அனுப்பியிருக்காங்க!"

ஏழு நீலக் கோட்டு. நடுவில் கொடிக்கம்பத்தை ஒரு கையால் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக, தூக்கறவ. கோட்டு போட்டிருந்தாள்.

"கையப் பெருசு பண்ணுப்பா."

பெரிதாக்கினான். தூக்கிய கைக்கு அடியில் அக்குளிலிருந்து முழங்கை வரை தையல் வேறு. மிஷினில் போட்டது அல்ல, கையால் போட்டது, வெள்ளை நூல், அங்கங்கே கோணல்.

ஹரீஷுக்கு முகம் மாறியது. "என்னக்கா இது, இது நம்ம தையல் இல்லியே?"

"இல்லப்பா" என்றார் அக்கா. கண்ணீர் மூக்கு நுனிக்கு வந்து நின்றது. "எவளோ மகராசி பிரிச்சிருக்கறா. நல்லா இருக்கட்டும் அவ கையி."

தையல் முடிந்த இடத்தில், வெட்ட மறந்த நூல் இரண்டு விரல் நீளத்துக்குத் தொங்கியது. அக்கா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து, கட்டைவிரல் நகத்தாலும் ஆள்காட்டி விரலாலும் அதைத் திரையிலிருந்து கிள்ளப் பார்த்தார்.