தாமதமான டி.சி.

போன மாதம் ஒரு காலை விஜயா வந்து நின்றார். பட்டுப் புடவைகளுக்குக் குஞ்சம் கட்டிக் கொடுப்பவர். எங்கள் பக்கத்துத் தெரு. எந்தத் தெரு என்று கேட்காதீர்கள். பெயர்களையும் மாற்றிவிட்டேன். எழுதச் சம்பந்தப்பட்டவர்களிடம் சம்மதமும் வாங்கியாயிற்று — முறை என்று ஒன்று இருக்கிறதே.

"பொண்ணுக்கு டி.சி. வாங்கணும் சார். மனு எழுதிக் குடுங்க."

கல்வித் துறையில் சூப்பரின்டெண்டாக ஓய்வு பெற்றவன் நான். மனு என்றால் என் வீட்டுக்குத்தான் வருவார்கள். ஆனால், பிளஸ் ஒன் பாதியில் டி.சி.யா?

மகள் நிலாவுக்குப் பிறப்பிலிருந்தே எச்.ஐ.வி. தினமும் மாத்திரை, மற்றபடி படிக்கிறாள், ஓடுகிறாள், வாயாடுகிறாள். பையிலிருந்து விழுந்த மாத்திரை டப்பாவின் பெயரை வகுப்பில் ஒருத்தி போனில் தேடிப் பார்த்திருக்கிறாள். மறுநாள் பெஞ்சில் நிலா மட்டும்.

"ஸ்கூலுக்கே போவமாட்டேன்னு அழுதுக்கினே இருக்குது சார். அந்த ஷாஹினாகூட எழுந்து போயிடுச்சாம்."

ஷாஹினா யார் தெரியுமா? ஆறாம் வகுப்பிலிருந்து நிலாவின் பக்கத்து இடம். பள்ளியில் நடந்த எய்ட்ஸ் விழிப்புணர்வு வினாடி வினாவில் முதல் பரிசு வேறு. தொட்டால் பரவாது, கொசு கடித்தால் பரவாது, ஒரே தட்டில் சாப்பிட்டால் பரவாது... எல்லாம் சரியான விடை. முழு மதிப்பெண் வாங்கிக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

தலைமை ஆசிரியரிடம் சொல்லலாம் என்றேன்.

"வேணாம் சார், இன்னும் நாலு பேருக்குத் தெரிஞ்சிடும்." நியாயம்தான்.

மனு எழுத எனக்குப் பத்து நிமிடம் போதும். எழுதினால் அந்தப் பெண்ணின் படிப்பு அதோடு சரி. இன்னொரு பள்ளியில் புதிதாக ஆரம்பிக்கும் தெம்பு இருவரிடமும் இல்லை. ஆகவே, சர்வீஸ் முழுக்க நான் திட்டித் தீர்த்த காலதாமதத்தையே ஆயுதமாக எடுத்தேன்.

"முதல்ல லேப், லைப்ரரி ரெண்டுலயும் நோ டியூஸ் கையெழுத்து வேணும்மா. பொண்ணே நேர்ல போய் வாங்கணும்."

விண்ணப்பம் கொடுத்த பிறகு பள்ளியே பார்த்துக்கொள்கிற சமாச்சாரம் இது. நான் சொல்லவில்லை.

லேப் கையெழுத்து அன்றே கிடைத்துத் தொலைத்தது. லைப்ரரிக்கு ஒரு நாவல் திரும்பி வரவில்லை — எடுத்தது நிலா, இருப்பது ஷாஹினாவிடம். வேறு வழி? நிலா போய்க் கேட்டிருக்கிறாள். அவளே பிறகு சொன்னது இது.

"புக்கைக் குடுபா. டி.சி. வாங்கணும்."

"டி.சி.யா? எதுக்கு?"

"நான் போயிட்டா நீங்கள்லாம் பழையபடி உக்காரலாம்ல."

ஷாஹினா "ஆன்சர்லாம் தெரியும்பா. உனக்குன்னதும் பயந்துட்டேன்" என்றாளாம். புத்தகம்? "இன்னும் முடிக்கல. தள்ளு, உக்காரணும்."

தெரிந்துகொள்வது ஒன்று, பயம் போவது இன்னொன்று. நடுவே சில நாட்கள் பிடிக்கும் போலிருக்கிறது. பெரியவர்கள் சிலருக்கு ஆயுளே போதவில்லை.

"அந்த மனு வேணாம் சார்" என்று விஜயா வந்து சொன்னபோது வந்த நிம்மதி, எனக்குப் பென்ஷன் ஆர்டர் கைக்கு வந்த அன்றுகூட வரவில்லை.

இரண்டு பேர் இன்னும் தள்ளித்தான் உட்காருகிறார்களாம். நான் வந்து பேசட்டுமா என்று நிலாவிடம் கேட்டேன்.

"அதுங்களுக்கும் கொஞ்சம் டைம் குடுங்க சார்."

காலதாமதத்துக்கு ஆதரவாக ஒரு குரல்... ஓய்வு பெற்ற பிறகுதான் கேட்கக் கிடைத்தது.