கியர் ஆயிலின் நிறம்

பட்டு நூலில் சாயம் துளி மங்கினாலும் சாயக்காரரோடு சண்டைக்குப் போய்விடுவார் நெசவாளர் பரமசிவம். அவ்வளவு கூர்மையான கண். வாங்கிய பழைய ஆட்டோமேட்டிக் காருக்கு ஆயுத பூஜை தவறாமல் இன்ஜின் ஆயில் மாற்றினார். கியருக்கென்று தனி ஆயில் இருப்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

ஒருநாள் கார், கியர் மாறும்போதெல்லாம் வெட்டி வெட்டி இழுத்தது. பழி மனைவி கலாவதியின் தலையில் விழுந்தது. "நீ ஓட்டக் கத்துக்கிறேன்னு தொட்ட, வண்டி கெட்டுப்பூட்ச்சி!" என்று சம்பந்தி வீட்டார் எதிரிலேயே கத்தினார். அன்று சாவியை ஆணியில் மாட்டியவள், பிறகு அதைத் தொடவேயில்லை.

வாலாஜாபாத் ரோட்டு மெக்கானிக் காசிநாதன் கியர் பெட்டியின் அடித் திருகைக் கழற்றினார். தீய்ந்த வாடையோடு ஆயில் கறுப்பாக வடிந்தது.

"புதுசுல நல்ல செவப்பா இருக்கும்ணா. அறுபதாயிரம் கிலோமீட்டர்ல மாத்தியிருக்கணும். நீங்க லட்சம் தாண்டிட்டீங்க. யார் ஓட்னாலும் இழுக்கத்தான் செய்யும்."

'யார் ஓட்னாலும்' என்றது பரமசிவத்துக்குச் சுருக்கென்றது.

காசிநாதன் ஃபில்டரை மாற்றி, புது ஆயில் ஊற்றி, இன்ஜின் சூடானதும் அளவு பார்த்தார். கார் வழுக்கிக்கொண்டு ஓடியது. வழியெல்லாம் பரமசிவம் மன்னிப்புக்கு வார்த்தை தேடினார். வாசலில் வாய்க்கு வந்தது இவ்வளவுதான்:

"ஆயில் மாத்தியாச்சு. நீ ஓட்டு."

அவர் நீட்டிய சாவியைக் கலாவதி வாங்கவில்லை.

"இப்ப நல்லா ஓடுதுல்ல? அப்படியே இருக்கட்டுங்க. நான் தொட்டா மறுபடியும் கெட்டுடும்."